அள்ளி வைத்தவன்

இரண்டு கிழமைக்கு முன்னால் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒருவர் சொன்ன ஒரு வசனம் மண்டைக்குள் நின்று குடைந்துகொண்டிருந்தது. அதோடு போன சனிக்கிழமை இரவு ரீவியில் ஒரு படம் போனது. இரண்டும் சேர்ந்துதான் என்னை இதை எழுத வைத்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒருத்தருக்கும் சொல்லாத ஒரு சங்கதியை இதில் சொல்லப் போகிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். என்னைப் பற்றிய விபரங்களை மாற்றவில்லை.

முதலில் படத்தைச் சொல்கிறேன்.

படத்தின் பெயர் 'அன்பெய்த்புல்'. 2002 இல் வந்தது. அட்ரியன் லைன் எடுத்த படம். ரிச்சர்ட் கியரும் டயான் லேனும் புருசன் பெண்சாதி. நியூயோர்க்குக்கு வெளியே நல்ல வீடு, ஒரு பெடியன், ஒரு நாய், குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். ஒரு நாள் பெருங்காற்று அடிக்கிறது. டயான் லேன் தெருவில் விழுந்து முழங்காலில் உரசல் காயம். அந்த இடத்தில் ஒரு பிரெஞ்சுக்காரப் பெடியன், பழைய புத்தகங்கள் வாங்கி விற்கிறவன், மேலே வந்து காயத்தைக் கழுவிவிட்டுப் போங்கோ என்கிறான். அவ்வளவுதான் தொடக்கம். பிறகு அவள் திரும்பப் போகிறாள். பிறகும் போகிறாள். வீட்டில் சொல்கிற பொய்கள் ஒவ்வொன்றாய்க் கூடுகின்றன. புருசனுக்குச் சந்தேகம் வருகிறது. ஆள் வைத்துத் துப்புப் பார்க்கிறார். படங்கள் கையில் கிடைக்கின்றன. அந்தப் பெடியனின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுகிறார்.

அங்கே ஒரு கண்ணாடி உருண்டை இருக்கிறது. உள்ளே பனி கொட்டுகிற மாதிரிச் செய்த அலங்காரச் சாமான். அது அவர் தன்னுடைய மனைவிக்குக் கொடுத்த பரிசு. அவள் அதைக் கொண்டுவந்து இவனுக்குக் கொடுத்திருக்கிறாள். அதைக் கண்டதும் மனுசனுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. அதே உருண்டையால் அடிக்கிறார். பெடியன் செத்துப்போகிறான்.

பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று அதற்குப் பிறகு வருகிறது. அவர் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது செத்தவனின் ரெலிபோனில் மனைவியின் குரல் பதிவாகிறது. இனி வேண்டாம், இதோடு நிறுத்துவோம் என்கிற மாதிரிக் கதைக்கிறாள். அதாவது, கொலை நடந்த அந்த நேரத்தில் அவள் அந்த உறவை விட்டுவிட்டாள். சும்மா இருந்திருந்தாலும் எல்லாம் முடிந்திருக்கும். அந்தப் பதிவை அவர் அழிக்கிறார். அதோடு தன்னுடைய நியாயத்தையும் தானே அழிக்கிறார் என்று எனக்குப் பட்டது.

இந்தப் படத்தை நான் மூன்று நான்கு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் முழுசாய்ப் பார்த்ததில்லை. நடுவில் ஒரு இடம் வரும். அந்த இடத்தில் எழும்பிப்போய்த் தேத்தண்ணி வைப்பேன். அது என்ன இடம் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தக் கதை அமெரிக்கனின் சொந்தச் சரக்கு இல்லை. நான் குடியிருக்கிற இந்தப் பிரான்ஸின் கதை. 1969 இல் குளோத் ஷப்ரோல் எடுத்த 'லா பாம் அன்பிடெல்' என்ற படத்திலிருந்து எடுத்தது. தமிழில் சொல்வதென்றால் 'சோரம் போன மனைவி'. அதில் மிஷேல் புக்கே புருசன். ஸ்டெபான் ஓட்ரான் மனைவி. அவர் அந்தக் காலத்தில் ஷப்ரோலின் உண்மையான மனைவி. மொரிஸ் ரோனே காதலன். பாரிஸுக்கு வெளியே வெர்சாய் பக்கம் தோட்டத்தோடு ஒரு வீடு. புருசன் பாரிஸில் காப்புறுதி அலுவலகம் நடத்துகிறார். அந்தப் படத்தில் கண்ணாடி உருண்டை இல்லை. ஒரு பெரிய சிகரெட் லைற்றர். அதுவும் புருசன் கொடுத்த பரிசுதான். அதுவும் காதலன் வீட்டில்தான் கிடக்கிறது.

ஷப்ரோல் ஹிட்ச்கொக்கின் பைத்தியம். 1957 இல் எரிக் றோமரோடு சேர்ந்து ஹிட்ச்கொக்கைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். ஆகவே சஸ்பென்ஸ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். கொலைக்குப் பிறகு புருசன் பிரேதத்தைச் சுற்றிக் கட்டிக் காரின் பின்பெட்டிக்குள் போடுகிறார். வழியில் பின்னால் வந்த வாகனம் ஒன்று இடித்துவிடுகிறது. சனம் கூடுகிறது. பொலிஸ்காரன் வருகிறான். பெட்டி நெளிந்து கிடக்கிறது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். பிறகு ஒரு குட்டைத் தண்ணீருக்குள் பிரேதத்தைத் தள்ளுகிறார். அது உடனே தாழாமல் மெல்ல மெல்லத் தாழ்கிறது. தாழடா, கெதியாத் தாழடா என்று எங்களுடைய மனம் சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். யாருக்காக நாங்கள் பதறுகிறோம்? செத்தவனுக்காகவா? இல்லை. கொன்றவர் பிடிபடக்கூடாது என்று பதறுகிறோம். ஒருவனை அடித்துக் கொன்ற மனிதனுக்கு நாங்கள் எல்லோரும் காவல் நிற்கிறோம். ஷப்ரோல் வேண்டுமென்றுதான் அப்படி எடுத்தார் என்று நினைக்கிறேன். பார்க்கிறவனைக் குற்றத்துக்குக் கூட்டாளி ஆக்கிவிட்டு, இப்ப என்ன சொல்கிறாய் என்று கேட்கிறார். படத்தின் முடிவில் மனைவிக்குப் புருசன்தான் கொன்றவர் என்று தெரிந்துவிடுகிறது. அவரின் சட்டைப்பையில் இருந்த காதலனின் படத்தை எடுத்து எரித்துவிடுகிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் செத்துப்போன அன்பு ஒரு கொலையால் திரும்பவும் உயிர் பெறுகிறது. அதுதான் அந்தப் படத்தின் பயங்கரம். 'அன்பெய்த்புல்' படத்திலும் அதே கதைதான். கடைசியில் இரண்டு பேரும் இரவில் பொலிஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கில் காரை நிறுத்திக்கொண்டு இருப்பார்கள். சரணடையப் போகிறார்களா, ஓடப் போகிறார்களா என்று படம் சொல்லாது.

படம் பார்த்த ஆட்களிடம் ஒரு கேள்வி. செத்தவனின் பெயர் என்ன? நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஒருத்தரும் சொன்னதில்லை. ரிச்சர்ட் கியர் ஞாபகம், டயான் லேனின் சிவப்பு விளக்கு முகம் ஞாபகம், உருண்டை ஞாபகம். செத்தவன் 'அந்தப் பெடியன்' தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். ஷப்ரோலின் படம் வந்த 1969 இல் இந்த நாட்டில் இருந்த குற்றவியல் சட்டம் 1810 ஆம் ஆண்டு நெப்போலியன் காலத்தில் எழுதியது. அதன் 324 ஆம் பிரிவு என்ன சொன்னது தெரியுமா? மனைவியும் இன்னொருவனும் குடும்ப வீட்டுக்குள் கையும் களவுமாகப் பிடிபட்டு, அந்த இடத்திலேயே புருசன் அவர்களைக் கொன்றால், அந்தக் கொலை 'மன்னிக்கத் தக்கது'. மரண தண்டனைக்குரிய குற்றம் ஒன்று முதல் ஐந்து வருடச் சிறையாகச் சுருங்கிவிடும். 'சிவப்புப் பிரிவு' என்று அதற்கு ஒரு செல்லப் பெயரும் இருந்தது. புருசனை இன்னொருத்தியோடு கண்ட மனைவிக்கு இந்தச் சலுகை கிடையாது. சோரம் போன மனைவிக்கு மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை. புருசன் வைப்பாட்டியைக் குடும்ப வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருந்தால் மட்டும் குற்றம், அதுவும் தண்டப்பணத்தோடு சரி.

1975 யூலை 11 ஆம் தேதிச் சட்டம்தான் இதையெல்லாம் தூக்கி எறிந்தது. மனித உரிமை, சமத்துவம் என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிற பிரான்ஸ், தன்னுடைய சட்டப் புத்தகத்தில் 165 வருடம் இதை வைத்திருந்தது. ஆகவே இது எங்கட ஆட்களின் காட்டுமிராண்டித்தனம், வெள்ளைக்காரன் அப்படி இல்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். சட்டம் போன பிறகும் 'காதல் வெறிக் கொலை' என்ற சொல்லைப் பத்திரிகைகள் கனகாலம் விடவில்லை. அந்தச் சொல்லில் கொலையை விடக் காதல்தான் முன்னுக்கு நிற்கும். 2022 ஆம் ஆண்டு மட்டும் இந்த நாட்டில் 118 பெண்களைப் புருசனோ, கூட வாழ்ந்தவனோ, முன்னாள் துணையோ கொன்றிருக்கிறார்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கு.

எங்கட பக்கத்துக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் கோவலன் மாதவியிடம் போனான். சொத்தெல்லாம் கரைந்தது. கண்ணகி அவனைக் கொல்லவில்லை. திரும்பி வந்தவனுக்குக் காற்சிலம்பைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் மதுரையை எரித்தது புருசன் தனக்குச் செய்ததற்காக இல்லை, அரசன் அவனுக்குச் செய்த அநியாயத்துக்காக. கோவலன் போனதற்கு நாங்கள் ஊழ்வினை என்று பெயர் வைத்தோம். பெண் போனால் அதற்குப் பெயர் துரோகம்.

இந்தத் துரோகம் என்ற சொல்லைப் பற்றித்தான் நான் கதைக்க வந்தேன்.

எண்பதுகளில் ஊரில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் லைற் போஸ்ற்றில் ஒரு ஆளைக் கட்டிச் சுட்டிருப்பார்கள். கழுத்தில் ஒரு மட்டை தொங்கும். அதில் 'துரோகி' என்று எழுதியிருக்கும். என்ன செய்தவர், யார் விசாரித்தது, யார் சாட்சி, ஒன்றும் தெரியாது. அந்த ஒரு சொல்லே குற்றப்பத்திரிகை, அதுவே தீர்ப்பு. சைக்கிளில் போகிற சனம் ஒரு நிமிசம் நின்று பார்த்துவிட்டு, "ஏதோ செய்துதான் இருப்பான்" என்று சொல்லிக்கொண்டு போகும். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டு போனவன்தான். பிறகு ஏஜென்சிக்குக் காசு கட்டிக் கடல் தாண்டி வந்தோம். உடுப்பை விட்டுவிட்டு வந்தோம், காணி பூமியை விட்டுவிட்டு வந்தோம். அந்தச் சொல்லை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்தோம்.

இப்ப நான் தேத்தண்ணி வைக்க எழும்புகிற இடத்தைச் சொல்கிறேன். 'அன்பெய்த்புல்' படத்தில் ரிச்சர்ட் கியரிடம் வேலை செய்கிற ஒரு ஆள் இருக்கிறான். அவனை வேலையால் நிற்பாட்டுகிறார். அவனுக்கு ஆத்திரம். போகிற போக்கில், முதலில் உன்னுடைய குடும்பத்தைப் பார் என்று ஒரு சொல்லை எறிகிறான். அவன் அவளை வேறொருவனோடு எங்கேயோ கண்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவனைப் படம் மறந்துவிடுகிறது. பொலிஸ் அவனைத் தேடிப் போகவில்லை. பார்க்கிறவர்களும் அவனை நினைப்பதில்லை.

எனக்கு அவனை மறக்க முடியாது. ஏனென்றால் நான்தான் அவன்.

நான் 1990 இல் இங்கே வந்தேன். பதினெட்டாம் வட்டாரத்தில் ஒரு அறையில் ஆறு பேர் இருந்தோம். அந்த அறைக்கு மூத்தவர் ஒரு அண்ணை. எனக்குக் கோப்பை கழுவுகிற வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான். நல்ல சமையல்காரர். காசு விசயத்தில் கறார். கொழும்பில் லொட்ஜில் காத்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி 1993 இல் வந்து சேர்ந்தா. அவர்கள் லா கூர்நேவ் பக்கம் ஒரு சின்ன வீடு எடுத்துப் போனார்கள். ஒரு பெண் பிள்ளை பிறந்தது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்ச் சாப்பிடுவோம். அக்கா வைக்கிற றால் குழம்புக்கு நாங்கள் எல்லோரும் அடிமை.

அண்ணை சீட்டுப் பிடித்தார். நானும் போட்டேன். 1998 இல் எனக்கு வேலை போனது. இரண்டு மாதம் கட்ட முடியவில்லை. லாச்சப்பலில் ஒரு கடை வாசலில், பத்துப் பேருக்கு முன்னால் அண்ணை என்னைப் பிடித்துக் கேட்டார்.

"வக்கில்லாதவனுக்கு என்னத்துக்கடா சீட்டு?"

அந்தப் பத்துப் பேரில் எங்கட ஊர் ஆட்கள் மூன்று பேர். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. கடன் வாங்கிக் காசைக் கட்டினேன். ஆனால் மனம் ஆறவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு கோப்பிக் கடை. கண்ணாடிக்கு உள்ளே அக்கா இருந்தா. எதிரே ஒரு தமிழ்ப் பெடியன். மேசையில் கோப்பி, ஏதோ கடதாசிகள். அக்கா சிரித்துக்கொண்டிருந்தா. அவ அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. அதிகாலை அலுவலகங்கள் துடைக்கிற வேலை, பிறகு பிள்ளை, பிறகு பிரெஞ்சு வகுப்பு என்று ஓடுகிற மனுசி. நான் கண்டதெல்லாம் இவ்வளவுதான். கையைப் பிடித்ததைக் காணவில்லை. ஒரு கோப்பி, ஒரு சிரிப்பு.

அந்தக் கிழமையே அண்ணையைச் சந்தித்தேன். தானாக நடந்த சந்திப்பு இல்லை. வேலை முடிந்து அவர் வருகிற நேரம் பார்த்துப் போய் நின்றேன். இரண்டு பியர் வாங்கினேன். அங்கே இங்கே கதைத்துவிட்டு, ஒன்றும் இல்லாத மாதிரி,

"அண்ணை, அக்காவை அண்டைக்குக் கார் து நோரிலை கண்டனான். சொந்தக்காரப் பெடியனோ கூட இருந்தது?"

என்று கேட்டேன். சொந்தக்காரன் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பத்துப் பேருக்கு முன்னால் நான் நின்ற மாதிரி இப்ப அவர் நிற்கிறார் என்று இருந்தது.

ஊரில் இதற்கு 'அள்ளி வைக்கிறது' என்று சொல்வோம். கொலை செய்யச் சொல்லி ஒருத்தரும் அள்ளி வைப்பதில்லை. நெருப்புத் தணலில் ஒரு அள்ளு அள்ளிப் பக்கத்து வீட்டுக் கூரையில் வைத்துவிட்டு, எரியுதோ என்று தள்ளி நின்று பார்க்கிற வேலை.

பத்து நாளுக்குள் எரிந்தது. ஒரு இரவு குசினிக் கத்தியால் வெட்டிவிட்டார். அவ கையைக் குறுக்கே கொடுத்ததால் கழுத்துத் தப்பியது. பக்கத்து வீட்டு அரபுக்கார மனுசிதான் சத்தம் கேட்டுப் பொலிசைக் கூப்பிட்டா. நாலு வயதுப் பிள்ளை அந்த அறையில்தான் நின்றது. அண்ணையைக் கொண்டுபோனார்கள். அக்கா ஆஸ்பத்திரியில். பிள்ளையை அரசாங்கம் கொண்டுபோய்க் கொஞ்சக் காலம் வேறொரு குடும்பத்தில் வைத்தது.

அடுத்த நாள் லாச்சப்பல் முழுக்க இதே கதை. நான் கேட்ட முதல் வசனம்:

"அவளும் சரியில்லையாம்."

நான் சொன்னது ஒரு கேள்வி. அது ஒரு கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்த உண்மையாக மாறிவிட்டது. யார் பெடியன், எங்கே இருக்கிறான், எத்தனை நாளாக நடந்தது என்றெல்லாம் ஆட்களுக்கு விபரம் தெரிந்திருந்தது. எனக்கே தெரியாத விபரங்கள்.

வழக்கு நடந்தபோது ஒரு நாள் போயிருந்தேன். யார் வேண்டுமானாலும் போய் இருக்கலாம். கடைசி வாங்கில் இருந்தேன். நீதிபதி ஏன் இப்படிச் செய்தீர் என்று கேட்டார். அண்ணை தமிழில் சொன்னார்: "எனக்குத் துரோகம் செய்துபோட்டா." மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். பிரெஞ்சில் அது ஒரு மனைவி புருசனை ஏமாற்றிய சாதாரணச் சங்கதியாகப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தமிழ்ச் சொல்லுக்குள் இருந்த லைற் போஸ்ற்றும் மட்டையும் அந்த மண்டபத்தில் எனக்கும் அண்ணைக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

நீதிபதி விடவில்லை. என்ன செய்தா, நீர் என்ன கண்டீர் என்று கேட்டார்.

"நான் காணேல்லை."

"அப்படியென்றால் யார் கண்டது?"

அண்ணை கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நான் வாங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு சொன்னார்: "சனம் கதைச்சது."

என்னுடைய பெயரைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் தெரியாது. என்னைக் காப்பாற்றினாரா, இல்லை ஒரு ஆள் சொன்னது என்பதை விடச் சனம் சொன்னது என்றால் நியாயம் கூடும் என்று நினைத்தாரா? எதுவாக இருந்தாலும் அன்றைக்கு நான் சனம் ஆகிவிட்டேன். சனத்துக்குத் தண்டனை இல்லை. அண்ணைக்குக் கிடைத்தது. எழும்பி வந்து மெற்றோ எடுத்து வேலைக்குப் போனேன்.

2011 இல் லாச்சப்பல் மரக்கறிக் கடையில் அக்காவைக் கண்டேன். முருங்கைக்காய் தெரிந்துகொண்டு நின்றா. ஒளிக்கலாம் என்று பார்த்தேன், அதற்குள் கண்டுவிட்டா.

"தம்பி, சுகமா இருக்கிறியளோ? இளைச்சுப் போனியள்."

மகள் லிசேயில் படிக்கிறாள், கெட்டிக்காரி என்றா. காசு கொடுக்கும்போது இடக்கையால் கொடுத்தா. வலக்கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டுபோய் மெற்றோ வாசல் வரைக்கும் விட்டேன். வழி முழுக்கச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அந்தப் பெடியன் யார் என்று கேட்கவும் இல்லை. கேட்க எனக்கு என்ன உரிமை? இன்றைக்கும் எனக்கு அது தெரியாது. இப்பதான் விளங்குகிறது, அது தெரியவேண்டிய சங்கதியே இல்லை. அவன் வீட்டுப் படிவம் நிரப்ப உதவி செய்த பெடியனாக இருந்தாலும் சரி, உண்மையிலேயே அவவின் காதலனாக இருந்தாலும் சரி, அந்த இரண்டு விரலுக்கும் கணக்கு ஒன்றுதான்.

இரண்டு கிழமைக்கு முன்னால் நான் போன செத்தவீடு அண்ணையினுடையது. சிறையால் வந்த பிறகு தனியாகத்தான் இருந்தார். கடைசிக் காலத்தில் வருத்தம். அக்கா வரவில்லை. மகள் வந்து ஒரு ஓரத்தில் நின்றுவிட்டுப் போனாள். அவள் போன பிறகு ஒருவர், நல்ல மனுசன், கோயில் காரியங்களுக்கு முன்னுக்கு நிற்கிறவர், கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"பாவம் மனுசன். நல்லா வாழ வேண்டியவர். எல்லாம் அவளாலைதான்."

ஏழெட்டுப் பேர் தலையை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் நான் சனமாகவே இருந்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் நித்திரை வரவில்லை. அதற்குப் பிறகுதான் சனிக்கிழமை படம் போனது. இந்த முறை தேத்தண்ணி வைக்க எழும்பவில்லை. அந்த ஆள் அந்தச் சொல்லை எறிகிற காட்சியை முழுசாகப் பார்த்தேன். ஒரு நிமிசம்கூட இருக்காது.

அதனால் சொல்கிறேன். கலியாணத்துக்குள் ஏமாற்று நடக்கிறதுதான். ஆம்பிளைகளும் செய்கிறார்கள், பொம்பிளைகளும் செய்கிறார்கள். அது நோகும். நோகாது என்று நான் சொல்ல வரவில்லை. நோனால் அழலாம், சண்டை பிடிக்கலாம், பிரியலாம். இங்கே விவாகரத்து இருக்கிறது, அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் அந்த நோவுக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு நீட்டுத் தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அந்த மனுசன் தனியாக நடப்பதில்லை. அள்ளி வைக்கிறவன் ஒரு கை கொடுக்கிறான். "நீயெல்லாம் ஒரு ஆம்பிளையோ" என்கிறவன் மற்றக் கை கொடுக்கிறான். எல்லாம் முடிந்த பிறகு "அவளும் சரியில்லையாம்" என்கிறவன், அடுத்ததாக நடக்கப் போகிறவனுக்கு வழியைத் துப்புரவாக்கி வைக்கிறான். 324 ஆம் பிரிவைப் பிரான்ஸ் 1975 இல் அழித்துவிட்டது. எங்கட வாயில் அது இன்னும் அழியவில்லை.

ஒரு பெண்ணை யாரோடோ கோப்பி குடிக்கக் கண்டால் உங்கள் பாட்டில் போங்கள். அது உங்களுடைய அலுவல் இல்லை. ஒரு பெண்ணின் கையில் கண்டல் காயம் கண்டால் நில்லுங்கள். அது உங்களுடைய அலுவல். இந்த நாட்டில் 3919 என்று ஒரு இலக்கம் இருக்கிறது. காசில்லை, இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. அவசரம் என்றால் 17. அந்த அரபுக்கார மனுசிக்கு அக்காவின் பெயர்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. அவ துரோகமோ இல்லையோ என்று விசாரிக்கவில்லை. சத்தம் கேட்டது, ரெலிபோனை எடுத்தா. அக்கா இன்றைக்கு உயிரோடு இருப்பது அவவால்.

இதை அக்கா வாசிப்பாவோ தெரியாது. மகள் வாசிக்கக்கூடும், அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று சொன்னார்கள். வாசித்தால் அவளுக்கு விளங்கும். பிள்ளை, உன்னுடைய அம்மா ஒன்றும் செய்யவில்லை. சனம் கதைச்சது என்று உன்னுடைய அப்பா கோட்டில் சொன்னார். அந்தச் சனம் நான்தான்.